வாரம் ஒரு மணி நேரமா, ஒரேயடியாக ஒரு வாரமா?

மாதக்கணக்கில் இழுக்கும் மனநல ஆலோசனையைச் சில நாட்களில் தொடர்ச்சியாகத் தருவது, தொலைவில் இருப்பவர்களுக்கு ஒரு வழியைத் திறக்கிறது

திருப்பதியிலிருந்து சென்னை செல்லும் சாலையில், புத்தூருக்குச் சற்று முன்னால் வருகிறது வடமாலபேட்டை. 2022 வரை சித்தூர் மாவட்டம். இப்போது திருப்பதி மாவட்டம். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் பகுதி. இங்கே கை, கால் முறிந்தால் யாரும் அதிகம் யோசிப்பதில்லை. பக்கத்திலேயே இருக்கிறது பெயர்பெற்ற புத்தூர் கட்டு. தமிழ்நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்தும் அதற்காக ஆட்கள் வருகிறார்கள். முறிந்தது மனம் என்றால்?

திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. வேலூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுபவர்களும் உண்டு. சிக்கல் அதற்குப் பிறகுதான். மாத்திரையை ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவிடலாம். பேசியும் பழக்கியும் குணப்படுத்தும் சிகிச்சையை அப்படி வாங்கி வர முடியாது. வாரம் ஒருமுறை, சுமார் ஒரு மணி நேரம், மூன்று மாதம் என்பது வழக்கம். நகரத்தில் அலுவலகம் செல்பவருக்கு அது பொருந்தும். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கோ பன்னிரண்டு பயணம், பன்னிரண்டு நாள் கூலி இழப்பு. துணைக்கு வருபவரின் கூலியும் போச்சு. "வாராவாரம் எங்கே போகிறீர்கள்?" என்ற அக்கம்பக்கத்தாரின் கேள்வி வேறு. நாலாவது வாரம் பயணம் நின்றுபோனால் குற்றம் யாருடையது?

2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு இந்தக் கேள்வியின் அளவைக் காட்டியது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை.

ஏழு நாளில் மூன்று மாதம்

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். விபத்து, தாக்குதல் போன்ற அதிர்ச்சிகளின் நினைவிலிருந்து மீள முடியாத 121 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கம்போல் வாராந்திர சிகிச்சை, மூன்று மாதத்துக்கு. இன்னொன்றுக்கு அதே சிகிச்சை 5 முதல் 7 வேலை நாட்களில், அதிகபட்சம் 18 மணி நேரம். 2014இல் வெளியான முடிவுப்படி வாராந்திரக் குழுவில் குணமானவர்கள் 77 சதவீதம். ஒரு வாரக் குழுவில் 73. ஆறுதலான ஆலோசனை மட்டும் பெற்ற மூன்றாவது குழுவில் 43 சதவீதம். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் வெறும் 7.

நார்வேயின் பெர்கன் நகரில் இன்னும் சுருக்கம். திரும்பத் திரும்பக் கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது போன்ற எண்ணச் சுழற்சி நோய்க்கு அங்கே நான்கே நாள். முதல் நாள் விளக்கம். அடுத்த இரண்டு நாட்களும் அஞ்சுவதை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் பயிற்சி. நான்காம் நாள், வீட்டில் தொடர்வதற்கான திட்டம். நோயாளிகள் சிறு குழுவாக வந்தாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிகிச்சையாளர் இருப்பார்.

இதன் தர்க்கம் எளிது. வாரம் ஒரு மணி நேரம் பயத்தை எதிர்த்து நின்றவர், மீதி ஆறு நாளும் அதற்குப் பணிந்துபோகலாம். தொடர்ந்து நின்றால் பயம் தானாகத் தணிவதைக் கண்ணாரக் காண்கிறார். இடையில் நின்றுவிடும் வாய்ப்பும் குறைவு.

பாகாயம் காட்டிய வழி

தங்கிச் சிகிச்சை பெறுவது நமக்குப் புதிதல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரம் அடித்து, நோயாளிகளுடன் குடும்பத்தாரையும் தங்கவைத்தார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் தொடங்கியது, வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம். நோயாளியுடன் உறவினர் தங்குவது அங்கே சிகிச்சையின் ஓர் அங்கம். எப்போது தட்டிக்கொடுப்பது, எப்போது விட்டுப்பிடிப்பது என்று அவரும் கற்றுக்கொண்டே ஊர் திரும்புகிறார். பெங்களூர் நிம்ஹான்ஸில், மருந்துக்கு மட்டும் மசியாத எண்ணச் சுழற்சி நோயாளிகளை உள்நோயாளிகளாகச் சேர்த்துத் தீவிரப் பயிற்சி தருகிறார்கள்.

ஆனால் தங்கவைப்பதெல்லாம் சிகிச்சையாகிவிடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்த தீவிபத்தில் 28 பேர் கருகி இறந்தார்கள். மனநோயாளிகளான அவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். அங்கே நாட்களுக்குப் பஞ்சமில்லை. பயிற்சி பெற்றவர்கள்தான் இல்லை. 'ஒரே வாரத்தில் நிம்மதி' என்று விளம்பரம் செய்யும் முகாம்களிடம் கேட்க வேண்டியதும் அதுதான்: சிகிச்சை தருபவர் யார், என்ன படித்தவர்?

எல்லோருக்கும் இந்த வேகம் ஆகாது. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர்களுக்கும், நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலையில் இருப்பவர்களுக்கும் முதல் தேவை பாதுகாப்பும் மருந்தும். குடும்பச் சிக்கலும் நீண்ட காலத் துக்கமும் கால அவகாசம் கேட்பவை. தவிர, ஒரு வாரம் தங்கவும் செலவாகும். ஒருவருக்காகச் சிகிச்சையாளர் பல மணி நேரம் ஒதுக்குவதும், ஆள் பற்றாக்குறை உள்ள நாட்டில் சுலபமல்ல.

திரும்பிய பிறகும் வேலை இருக்கிறது. புத்தூரில் கட்டுப் போட்டவர் கட்டு மாற்ற மறுபடியும் போயாக வேண்டும். மனதுக்கும் அப்படித்தான். தொடர் கவனிப்பின் ஒரு பகுதியைத் தொலைபேசியிலேயே முடிக்கலாம். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416, தெலுங்கிலும் தமிழிலும் இலவசமாகப் பேசுகிறது.

வடமாலபேட்டைக்காரர் பன்னிரண்டு முறை பஸ் ஏற முடியாமல் போகலாம். ஒருமுறை ஏறுவார். அந்த ஒரு பயணத்துக்குள் எவ்வளவு தர முடியும் என்பதை மருத்துவமனைகள்தான் யோசிக்க வேண்டும்.