உறைபனியும் மிதவைப் படகும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடக்கெல்லையில், கனடாவை ஒட்டி, மினசோட்டா மாநிலம் அமைந்துள்ளது. 'பதினாயிரம் ஏரிகளின் நாடு' என்று அதற்கொரு பெயருண்டு. உண்மையில் அங்குள்ள ஏரிகள் அதனினும் மிகுதி. கோடையில் அவ்வேரிகளில் உலவிவர மக்கள் பெரிதும் விரும்புவது மிதவைப் படகு ஆகும். 1952ஆம் ஆண்டளவில் அம்மாநிலத்து உழவராகிய ஆம்புரோஸ் வீரஸ் என்பார், எஃகுப் பீப்பாய்களைப் பற்றவைத்து இரு நீண்ட வரிசைகளாக்கி, அவற்றின்மேல் மரத்தளம் அமைத்து மிதக்கவிட்டார். இன்று பீப்பாய்களுக்கு மாறாக அலுமினிய உருளைகள் வந்துள்ளன, அமைப்பு அதுவே.

குளிர்காலத்தில் அந்த ஏரிகள் உறைந்து, மேலே இரண்டடிக்கும் மிகுதியாகப் பனிக்கட்டி படிவதுண்டு. அது விரிந்தும் நகர்ந்தும் கரையை நெருக்கும், படகுத்துறைகளையும் பெயர்த்துவிடும். ஆதலின் ஏரி உறையுமுன்னரே படகை வண்டியிலேற்றிக் கரைசேர்க்கின்றனர்.

கரையேறியதும் படகுக்குப் பகை நீங்கிவிட்டது என்று எண்ணலாகாது. உள்ளே தங்கிய நீரே இனிப் பகை. பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கும், நீரோ விரியும். 100 பங்கு நீர் ஏறத்தாழ 109 பங்கு பனிக்கட்டியாகிறது. விரிய இடமில்லையேல், தன்னை அடக்கிய கலத்தையே அது பிளந்துவிடும். உருளைக்குள் கசிந்த நீர் கண்ணுக்குப் புலப்படாது. இளவேனிலில் படகை ஏரியில் இறக்கி, ஒரு பக்கம் தாழ்வதைக் கண்ட பின்னரே, மூட்டு பிளந்தமையை உரியவர் அறிவார். இதனைத் தவிர்க்க, படகின் முன்புறத்தைச் சற்றே உயர்த்தி நிறுத்தி, பின்புறத்து வடிகால் திருகுகளைக் கழற்றி நீரை வடித்துவிடுவர்.

அடுத்தது இயந்திரம். பெட்ரோல் பல திங்கள் நின்றால் கெடும். அதனைக் காக்கும் மருந்தைக் கலந்து, குழாய்நீர் ஊட்டி, சிறிது நேரம் இயந்திரத்தை ஓட்டுவர். பின்னர் அதனைச் செங்குத்தாக நிறுத்தினால், குளிர்விக்கும் வழிகளிலுள்ள நீர் தானே இறங்கிவிடும். கியர் எண்ணெயையும் வடித்துப் பார்த்தல் வேண்டும். அது பால்போல் வெளுத்திருப்பின், எங்கோ நீர் புகுந்துள்ளது என்பது தெளிவு. அடைப்பைச் செப்பனிட்டுப் புதிய எண்ணெய் இடுதல் இன்றியமையாதது.

பாட்டரியின் இயல்பு வியப்புக்குரியது. மின்னேற்றம் நிறைந்திருக்கையில் அதிலுள்ள கந்தக அமிலம் செறிவுற்றிருப்பதால், கடுங்குளிரிலும் அது உறைவதில்லை. மின்னேற்றம் தீரத் தீர அமிலம் நீர்த்துப்போகும். அப்போது பூச்சியத்துக்குச் சில பாகை கீழேயே உறைந்து, பெட்டி வெடிக்கும். ஆகவே அதனைக் கழற்றி, முழுதும் மின்னேற்றி, வீட்டினுள் வைக்கின்றனர்.

மேலே விரிக்கும் போர்வை நடுவே உயர்ந்து சரிந்திருத்தல் வேண்டும். இன்றேல் பனி குவிந்து கிழித்துவிடும். காற்றுப்புகாதவாறு இறுகக் கட்டினாலோ மெத்தைகளில் பூசணம் பூக்கும். காற்றுக்கு விட்ட வழியில் எலிகள் நுழைந்து மின்கம்பிகளைக் கடிப்பதும் உண்டு. பனியினும் எலி பொல்லாதது! மெத்தைகளை வீட்டினுள் வைத்தல் நன்று.

கழற்றிய திருகுகளைச் சிலர் ஒரு சிறு பையிலிட்டு, இயந்திரச் சாவியோடு சேர்த்துக் கட்டிவைக்கின்றனர். இளவேனிலில் சாவியை எடுப்பவர், திருகுகளைப் பூட்டாமல் படகை நீரில் இறக்கமாட்டார்.