டட்லி தெருவின் மண் யாருக்கு?

1985 பிப்ரவரியில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், டட்லி தெரு வட்டாரத்து மக்களை செயின்ட் பாட்ரிக் தேவாலயத்துக்கு ஒரு கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். ரைலி அறக்கட்டளை பணம் தரத் தயாராக இருந்தது. அங்கே வேலை செய்துவந்த தொண்டு நிறுவனங்கள் கூடிப் பேசி, பகுதியை மீட்டெடுக்க ஓர் அமைப்பும் அதற்கு ஒரு நிர்வாகக் குழுவும் வகுத்து வைத்திருந்தன. மக்களின் ஒப்புதல் மட்டும்தான் பாக்கி. எழுந்து நின்ற மக்களோ, இந்தக் குழுவில் எத்தனை பேர் இங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். குழுவில் பெரும்பாலானோர் வெளியிலிருந்து வந்தவர்கள்.

கேள்வியின் நியாயம் புரிந்தது. குழுவைக் கலைத்துத் திரும்ப அமைத்தார்கள். குடியிருப்பவர்களின் கை ஓங்கியது. கறுப்பின மக்கள், கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்தவர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், வெள்ளையர்கள் ஆகிய நான்கு தரப்புக்கும், தலைக்கணக்கு எப்படியிருந்தாலும், சமமான இடங்கள். கூட்டங்களில் ஆங்கிலம், ஸ்பானிஷ், கேப் வெர்டே கிரியோல் மூன்றிலும் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு. டட்லி ஸ்ட்ரீட் நெய்பர்ஹுட் இனிஷியேட்டிவ், சுருக்கமாக டி.எஸ்.என்.ஐ., அப்படித்தான் குடியிருப்பவர்களின் அமைப்பானது.

டட்லி மக்களின் கேள்வியில் இருந்த கோபத்துக்குக் காரணம் உண்டு. ராக்ஸ்பரி பகுதியில், நகரத்தின் மையத்திலிருந்து இரண்டு மைல்கூட இல்லாத தூரத்தில் இருக்கிறது டட்லி. கறுப்பின மக்கள் வாழும் இடங்களுக்கு வங்கிகள் நெடுங்காலம் வீட்டுக் கடன் தர மறுத்துவந்தன. வசதியுள்ளவர்கள் புறநகருக்குப் போய்விட்டார்கள். விற்க முடியாத கட்டடங்களை, காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளர்களே கொளுத்தினார்கள். 1980களின் தொடக்கத்தில் சுமார் 1,300 மனைகள் வெறும் பொட்டலாகக் கிடந்தன.

பொட்டல் மனையைத் தேடி குப்பை வந்தது. வெளியூர் லாரிகள் இரவோடிரவாக வந்து கட்டட இடிபாடுகளையும், பழைய குளிர்சாதனப் பெட்டிகளையும், ஓடாத கார்களையும், கெட்டுப்போன இறைச்சியையும்கூடக் கொட்டிவிட்டுப் போயின. வெயில் காலத்தில் ஜன்னலைத் திறக்க முடியாத நாற்றம். அனுமதியில்லாத குப்பைக் கிடங்குகள் வேறு. ஆகவே டி.எஸ்.என்.ஐ. 1986இல் முதலில் கையில் எடுத்தது வீட்டை அல்ல, குப்பையை. ‘எங்கள் மேல் கொட்டாதே’ என்ற முழக்கத்தோடு மக்கள் தாங்களே மனைகளைச் சுத்தம் செய்தார்கள். மேயர் ரேமண்ட் ஃபிளினை நெருக்கினார்கள். குப்பைக் கிடங்குகள் மூடப்பட்டன. கண்ணெதிரே கிடைத்த இந்த வெற்றிதான், பெரிய காரியத்துக்கும் துணியலாம் என்ற தெம்பைக் கொடுத்தது.

அந்தப் பெரிய காரியம் நிலம். வீடு கட்டுவதற்கு வேண்டிய மனைகள் பாதி நகராட்சியிடம். மீதி, வரி கட்டாமல் காணாமல்போன தனியார்களிடம். அதுவும் துண்டு துண்டாக. ஒரு வரிசை வீடு கட்ட வேண்டுமென்றால்கூட நடுவில் யாரோ ஒருவரின் மனை குறுக்கே நிற்கும். நில ஆர்ஜிதம் ஒன்றே வழி. பாஸ்டன் ஏழைகளுக்கு அந்தச் சொல்லே கிலி. 1950களின் இறுதியில் வெஸ்ட் எண்ட் என்ற பகுதியையே ஆர்ஜிதம் செய்து, ஆயிரக்கணக்கான எளிய குடும்பங்களை வெளியேற்றி, அந்த இடத்தில் வசதியானவர்களுக்கான அடுக்குமாடிகளைக் கட்டிய ஊர் அது.

அதே அதிகாரத்தைத் தங்களிடம் கொடுங்கள் என்று டட்லி மக்கள் கேட்டார்கள். குடியிருக்கும் வீடுகளைத் தொடமாட்டோம், காலி மனைகளை மட்டும் எடுப்போம் என்றார்கள். மாநிலச் சட்டத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது. 1988 நவம்பரில் பாஸ்டன் மறுவளர்ச்சி ஆணையம் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் ஒரு குடியிருப்போர் அமைப்புக்கு நில ஆர்ஜித அதிகாரம் கிடைத்தது அதுவே முதல் முறை. மனைகளை வாங்க ஃபோர்டு அறக்கட்டளை 20 லட்சம் டாலர் கடன் கொடுத்தது.

வாங்கிய நிலத்தை அவர்கள் விற்கவில்லை. டி.எஸ்.என்.ஐ. உருவாக்கிய நில அறக்கட்டளையின் பெயரிலேயே அது இருக்கிறது. வீடு மட்டும் குடும்பத்துக்குச் சொந்தம். மனை 99 ஆண்டுக் குத்தகை. கோயில் அடிமனையில் வீடு கட்டி வாழும் நம்மூர்க் குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். ஒரு வித்தியாசம்: அங்கே நிலத்தை நிர்வகிக்கும் குழுவில் குடியிருப்பவர்களுக்கும் இடம் உண்டு. வீட்டை விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். விற்கும்போது மட்டும் சந்தை விலை கேட்க முடியாது; ஓர் அளவான லாபத்தோடு, அதேபோல வருமானம் குறைந்த இன்னொரு குடும்பத்துக்குத்தான் விற்க வேண்டும். இதுவரை 200க்கும் மேற்பட்ட வீடுகள், சொந்த வீடும் கூட்டுறவு வீடும் வாடகை வீடுமாக, இந்த நிலத்தில் எழுந்திருக்கின்றன.

இந்த யோசனையின் வேர் நம் பக்கமும் நீள்கிறது. அமெரிக்காவின் முதல் சமூக நில அறக்கட்டளை, 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கிய நியூ கம்யூனிட்டீஸ். அதை உருவாக்கியவர்களுக்குத் தூண்டுதலாக இருந்தவற்றில், ஊர் நிலத்தை ஊருக்கே பொதுவாக்கும் வினோபா பாவேயின் கிராமதானமும் ஒன்று. தமிழ்நாட்டில் சர்வோதயத் தம்பதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் ஊர் ஊராக நடந்து கொண்டுபோன அதே கிராமதானம்.

லாபத்துக்கு வரம்பு வைப்பது ஏழைக்கு மட்டும் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. சொத்து ஏறினால்தானே அடுத்த தலைமுறை நிமிரும்? நியாயமான கேள்விதான். ஆனால் சந்தை விலைக்கு விற்ற முதல் குடும்பத்தோடு அந்த வீடு ஏழைகளின் கையை விட்டுப் போய்விடும். விலை இறங்கும் காலத்தையும் பார்க்க வேண்டும். 2008 வீட்டுக் கடன் நெருக்கடியில் பாஸ்டனின் ஏழைப் பகுதிகளில் வீடுகள் வரிசையாக ஏலத்துக்குப் போயின. அறக்கட்டளை நிலத்து வீடுகளில் அப்படிப் போனவை மிகச் சொற்பம். மோசமான கடன்களை வாசலிலேயே தடுத்தார்கள். தவணை தவறிய குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினார்கள்.

வீட்டோடும் அவர்கள் நிற்கவில்லை. கார் பழுதுபார்க்கும் கூடம் இருந்த இடத்தில் இன்று 10,000 சதுர அடிப் பசுமைக்குடில் நிற்கிறது. பனிக்காலத்திலும் அக்கம்பக்கத்தார் அங்கே கீரை வளர்க்கிறார்கள். விளையாட்டுத் திடலும் பூங்காவும் வந்தன. 2012இல் ஒரு பள்ளியும் வந்தது. நிர்வாகக் குழுவில் இளைஞர்களுக்கும் ஓட்டுரிமையோடு இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அப்படிப் பதின்ம வயதில் குழுவுக்குள் வந்த கேப் வெர்டே குடும்பத்துப் பையன் ஜான் பாரோஸ், பின்னாளில் டி.எஸ்.என்.ஐ.யின் இயக்குநரானார், 2014இல் பாஸ்டன் நகராட்சியின் பொருளாதார வளர்ச்சித் துறைக்கே தலைவரானார்.