ரொட்டிக்குப் பெயர் தந்தவர் யார்?

ரஷியாவில் மதிப்புக்குரிய விருந்தாளி வந்தால், ஒரு முழு ரொட்டியும் சிறிது உப்பும் ஏந்தி எதிர்கொண்டு அழைப்பார்கள். விருந்தாளி ஒரு துண்டைப் பிய்த்து, உப்பில் தொட்டு உண்ண வேண்டும். இந்த உபசாரத்துக்கு "ஹ்லேப்-சோல்" என்று பெயர். ஹ்லேப் என்றால் ரொட்டி. சோல் என்றால் உப்பு.

உக்ரைன் மக்கள் ரொட்டியை "ஹ்லிப்" என்கிறார்கள். போலந்தில் "ஹ்லெப்". பல்கேரியாவில் "ஹ்லியாப்". இவை எல்லாம் ஸ்லாவ் மொழிகள்; ஒரு தாய் வயிற்றுச் சகோதரிகள். அப்படியானால் இந்தச் சொல்லும் தாய் வீட்டுச் சீதனம்தானே?

அதுதான் இல்லை!

பக்கத்து வீட்டுக் கடன்

இது ஜெர்மானிய இனத்தாரிடம் கடன் வாங்கிய சொல் என்பதே பெரும்பாலான மொழி ஆராய்ச்சியாளர்களின் முடிவு. அந்த இனத்தின் ஒரு பிரிவினரான காத் மக்கள் ரொட்டியை "ஹ்லைஃப்ஸ்" என்றார்கள். அவர்களுக்கு அண்டையில் வாழ்ந்த ஸ்லாவ் மக்கள், சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே இச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

ஆங்கிலத்தில் ரொட்டியைக் குறிக்கும் "லோஃப்" என்பதும் இதே குடும்பம்தான். பிரபுவைக் குறிக்கும் "லார்டு" என்ற சொல்லுக்கு ஆதியில் "ரொட்டியைக் காப்பவர்" என்று பொருள். "லேடி" என்றால் "ரொட்டி மாவு பிசைபவள்"!

பிரித்த சொல்

குரோஷியாவில் ரொட்டிக்கு "க்ரூஹ்" என்று பெயர். இது ஸ்லாவ் மொழியின் சொந்தச் சொல். உடைந்த துண்டு என்பது இதன் பழைய பொருள். அண்டையிலுள்ள செர்பியர் சொல்வதோ "ஹ்லெப்". மற்றபடி இருவர் பேச்சும் ஏறக்குறைய ஒன்றே. 1991-ல் யுகோஸ்லாவியா பிளவுபட்டுப் போர் மூண்டது. ரொட்டி கேட்கும் சொல்லே, கேட்பவர் எந்த இனம் என்று காட்டுவதாயிற்று.

125 கிராம்

1941 செப்டம்பரில் ஜெர்மன் படை ரஷியாவின் லெனின்கிராடு நகரை முற்றுகையிட்டது. நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை அங்கே ஒரு குழந்தைக்கு நாள் ஒன்றுக்குக் கிடைத்த ரொட்டி 125 கிராம். அதுவும் சுத்தமான மாவில் செய்தது அல்ல. முற்றுகை முடிவதற்குள் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டார்கள்.

ரொட்டிக்குப் பெயரைத் தந்தது ஜெர்மானிய இனம். ரொட்டியைத் தடுத்தது ஜெர்மன் படை.

பசியால் துடித்த குழந்தைக்குச் சொல்லின் பூர்வீகம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: "ஹ்லேப்!"