கைக்கருவியும் மூளையும்

‘பாப் இட்’ என்னும் கையடக்க மின்னணு விளையாட்டுக் கருவி 1996இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது; டான் கிளிட்ஸ்னர் என்பவர் ஆக்கியது. ‘தட்டு’, ‘திருகு’, ‘இழு’ என்று அது ஆணையிடும். கேட்டவுடன் அவ்வாறே செய்தல் வேண்டும். வரவர ஆணைகள் விரையும். தவறினால் ஆட்டம் முடிந்தது.

இதனை அனிச்சைச் செயலைச் சோதிக்கும் கருவி என்பர். அது பொருந்தாது. சுடுபாத்திரத்தைத் தொட்ட கை, மூளையைக் கேளாமலே தண்டுவடத்தின் ஏவலால் விலகுகிறதே, அதுவன்றோ அனிச்சை! இங்கோ காது கேட்டு, மூளை தேர்ந்த பின்னரே கை அசைகிறது. தேர்வு புகுந்தால் காலம் நீளும் என்பதை டச்சு அறிஞர் டாண்டர்ஸ் 1868இலேயே அளந்து காட்டினார்.

நம் மூணாற்றுத் தோட்டத்து லயங்களில் இக்கருவி இல்லையெனினும் குறையில்லை. நண்பர் ஓர் அளவுகோலைச் சொல்லாமல் நழுவவிடட்டும், நீங்கள் பிடியுங்கள். 20 செ.மீ. விழுந்தபின் பிடித்தால், உங்களுக்கு ஆன காலம் ஏறத்தாழ 0.2 நொடி. அதுவும் கோலையே பார்த்துக் காத்திருந்தபோது!

இந்தக் காலக்கணக்கு விளையாட்டோடு நிற்பதன்று. போடிமெட்டு வளைவில், மூடுபனியில், மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வரும் ஜீப்பின் முன் மாடு ஒன்று நிற்கிறது. திருப்புவதா, நிறுத்துவதா என்று தேர்ந்து ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி சென்றால், பிரேக் பிடிக்குமுன்பே ஜீப் 10 மீட்டர் போய்விடும்.