கம்பி மாறினால் கார் கிளம்புமா?

போடிமெட்டு ஏறி மூணாற்றுக்கும், வாளையாறு கடந்து பாலக்காட்டுக்கும் செல்லும் சாலைகளில் பழைய அம்பாஸிடர் கார் அவ்வப்போது கண்ணிற் படுவதுண்டு. அதன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டதால், அதைப் பேணுவது உடையவர் பொறுப்பே. நேற்றுவரை ஓடிய கார், கம்பிகளை மாற்றிப் பூட்டிய மறுநாள் கிளம்ப மறுத்தால் என் செய்வது? இஞ்சினைப் பிரிக்க வேண்டாம். கடைசியாகக் கை பட்ட இடத்தையே முதலில் ஆராய வேண்டும்.

ஸ்டார்ட்டர் விறுவிறுப்பாகச் சுழன்றால் பாட்டரியில் குறையில்லை. பெட்ரோலும் வருமாயின், மின்பொறி இல்லை என்று கொள்ளலாம். காயிலின் இரு சிறு முனைகளில் ஒன்றுக்குச் சாவியிலிருந்து மின்சாரம் வருகிறது. மற்றொன்றிலிருந்து அது டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்கிறது. 12 வோல்ட் சிறு விளக்கின் ஒரு கம்பியைக் காரின் உடலிலும், மற்றதை முதல் முனையிலும் வைத்துச் சாவியைத் திருப்புக. விளக்கு எரியாவிடில், சாவிக்கும் காயிலுக்கும் இடையே கம்பி விட்டுப்போயிற்று. எரிந்தால், அடுத்த முனையில் வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றுக. விளக்கு விட்டுவிட்டு எரிவதே முறை. எரியவே இல்லையெனில், டிஸ்ட்ரிபியூட்டரினுள் ‘பாயிண்ட்’டைப் பூட்டும்போது காப்பு வளையம் இடம் மாறி, கம்பி உடலைத் தொடுகிறது எனலாம். ஓயாது எரிந்தால், பாயிண்ட் சேரவில்லை. அல்லது அதற்குச் செல்லும் கம்பி அறுந்தது.

பொறி இருந்தும் இஞ்சின் படபடவென வெடித்தால், பிளக் கம்பிகளின் வரிசையைக் காண்க. இந்தக் காரின் 1489 கன செ.மீ. பெட்ரோல் இஞ்சினில் வரிசை 1-3-4-2 ஆகும். மூணாற்று மூடுபனியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியினுள் ஈரம் படிந்தாலும் கார் கிளம்பாது. ஆகவே மூடியைத் துடைத்த பின்பே கம்பியைக் குறை கூறுக.

மலைச்சரிவில் உருட்டிக் கிளப்பலாமே என்று சிலர் எண்ணுவர். பொறியற்ற இஞ்சின் உருண்டாலும் எரியாது; எரியாத பெட்ரோல் சைலன்ஸரிற் சேர்ந்து, பின்னர் வெடித்து அதைப் பிளக்கவும் கூடும்.

பாட்டரி முனைகள் மாறுவது இன்னும் கொடிது. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனையும், பின்வந்தவற்றில் எதிர்முனையும் உடலோடு சேர்க்கப்பட்டன. ஆல்டர்னேட்டர் உள்ள காரில் முனைகளை மாற்றினால், அதன் டயோடுகள் நொடியில் எரிந்துபோகும்.

ஆதலின், கம்பியைத் தொடுமுன் உடலோடு சேர்ந்த பாட்டரிக் கம்பியைக் கழற்றுக. ஒவ்வொரு கம்பியின் நிறத்தையும் இடத்தையும் காகிதத்தில் குறித்துக்கொள்க. நடுவழியில் இருட்டும் வேளையில் அக்குறிப்பே உதவும்.