பின்னச்சின் கணக்கு

நம் நாட்டு வீதிகளில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனர் காரின் பின் சக்கரங்களுக்கு நடுவே, குடம்போல் உருண்டதோர் இரும்புப் பெட்டி இருக்கின்றது. அதனுள் இரு பற்சக்கரங்கள். 1956ஆம் ஆண்டு வெளிவந்த 948 சி.சி. எஞ்சின் வண்டியில் சிறியதற்கு 9 பற்கள், பெரியதற்கு 41. அதாவது எஞ்சினிலிருந்து வரும் தண்டு ஏறக்குறைய நாலரை முறை சுழன்றால்தான் சக்கரம் ஒரு முறை சுழலும். வேகத்தைக் கொடுத்து விசையை வாங்கும் வியாபாரம் இது.

1962இல் 1098 சி.சி. எஞ்சின் வந்தது. வலிமை கூடியதால் 41 பற்கள் 38 ஆயின. சமதரையில் எஞ்சின் அலறுவதும் சற்றே தணிந்தது.

இதைக் கண்ட சிலர், பழைய 948 வண்டிக்கும் இந்தப் பின்னச்சையே பூட்டி விடுகின்றனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு ஒரு குறையுமில்லை. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போதுதான் விளங்கும்! சக்கரத்தைச் சேரும் விசை நூற்றுக்கு ஏழு பங்கு குறைந்துவிட்டதன்றோ? நாலு பேரும் மூட்டை முடிச்சுமாக ஏறும் வண்டி, வளைவுக்கு வளைவு கியரை இறக்கச் சொல்லித் திணறும்.

திணறலாவது காதில் விழும். விழாத தீங்கு ஒன்றுண்டு. வேகமானியை இயக்கும் கம்பி கியர்ப் பெட்டியிலிருந்து வருவது. பின்னச்சு மாறியதை அது அறியாது. முள் 40 மைல் காட்டும்போது வண்டி 43 மைல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகளை ஏற்றிச் செல்வோர் அச்சுடன் வேகமானியையும் திருத்துவித்தல் அவசியம். 41ஐ 38ஆல் வகுத்து 40ஆல் பெருக்கும் மாணவன் இதனைத் தானே கண்டுகொள்வான்.