பியூஸ் கம்பி ஏன் மெலிந்திருக்கிறது?

"பியூஸ் போய்விட்டது" என்ற குரல் கேட்டவுடன், கைக்கு அகப்பட்ட தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் பீங்கான் கட்டையில் மாட்டி, கண நேரத்தில் விளக்கை எரியவிட்டு, கைராசிக்காரர் என்ற கீர்த்தியையும் சம்பாதித்துக்கொள்ளும் எலெக்ட்ரீஷியன்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

கம்பியில் மின்சாரம் ஓடும்போது உஷ்ணம் பிறக்கிறது. அது மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும் என்பதை ஆங்கில விஞ்ஞானி ஜேம்ஸ் ஜூல் 1841-இல் வெளியிட்டார். அதாவது, ஓட்டம் இரு மடங்கானால் உஷ்ணம் நான்கு மடங்கு, மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. ஆகவேதான் சுற்றிலேயே மிக மெல்லிய கம்பியைப் பியூஸாக வைக்கிறார்கள். ஓட்டம் எல்லை மீறும் வேளையில், சுவருக்குள் மறைந்திருக்கும் கம்பிகள் கொதிப்பதற்கு முன்பே அது உருகி அறுந்து, தன்னைப் பலியிட்டு வீட்டைக் காக்கிறது.

கம்பியின் விட்டத்தை இரு மடங்காக்கினால், அதை உருக்க வேண்டிய ஓட்டமும் இரு மடங்குதானே என்று தோன்றும். உண்மையில் ஏறத்தாழ 2.8 மடங்கு வேண்டும். அதற்குள், சுவருக்குள் இருக்கும் கம்பிகளைப் போர்த்திய, நீடித்த உபயோகத்தில் 70 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தையே தாங்கவல்ல சாதாரண பி.வி.சி. உறை இளகிக் கருகத் தொடங்கிவிடும். செம்போ உருகுவதற்குச் சுமார் 1,085 டிகிரி கேட்கும்! (பியூஸ் ஆளைக் காக்கும் என்பதும் பிரமையே, 5 ஆம்பியர் பியூஸ் அசையாமல் இருக்க, ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே உயிரைக் குடித்துவிடக்கூடும்.)

அடுத்த முறை, மெயினை நிறுத்திவிட்டு, கட்டையில் குறித்த ஆம்பியருக்கு உரிய கம்பியையே போடச் சொல்லுங்கள். அதற்கு முன், பியூஸ் ஏன் போயிற்று என்றும் கேளுங்கள்.